வியாழக்கிழமை நாற்காலி

மில்லிசென்ட் ஊரில் நாய் வளர்க்கிற யாருக்கும் கோரலியைத் தெரியாமல் இருக்க வழியில்லை. கால்நடை மருத்துவமனைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அவள்தான். பதினோரு வருடமாக முன்மேசை அவளுடையது. தொலைபேசியில் மறுமுனை இருமினால் போதும், அது எந்தப் பண்ணை, கூப்பிடுவது ஆட்டுக்கா மாட்டுக்கா என்று சொல்லிவிடுவாள். டாக்டர் ஹேமிஷ் கைராசிக்காரர், ஆனால் மறதிக்காரர். காலையில் எங்கே போகவேண்டும் என்று கோரலி சொன்னால்தான் அவர் வண்டி கிளம்பும். "பேருதான் டாக்டர். நடத்துறது நான்" என்று புருஷனிடம் பெருமை அடித்துக்கொள்வாள். சும்மா சொல்லக்கூடாது, அதில் பாதிக்கு மேல் உண்மைதான்.

அப்புறம் பிள்ளைகள் வந்தார்கள். முதலில் ஆங்கஸ், அவன் நடக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் இம்மி. இரண்டாவது பிரசவ விடுப்பு முடியப்போகும் சமயத்தில் கோரலியும் லைலும் அடுக்களை மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். லைல் பைன் காட்டிலிருந்து மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். விடியும் முன் போனால் பொழுது சாயத்தான் வீடு.

அது ஒரு கிறுக்குப் பிடித்த கணக்கு. காப்பகத்துக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் நாள் கட்டணம். அதில் ஒரு பங்கை அரசாங்கம் தரும். ஆனால் அவள் அதிக நாள் வேலைக்குப் போனால் வருமானம் கூடும், கூடினால் அரசாங்கத்தின் பங்கு குறையும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிற குடும்ப உதவித்தொகையும் கூடவே இளைக்கும். வருமான வரி வேறு. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் போனால் கையில் நாலு காசு நிற்கும். வியாழனும் போனால் அன்றைய சம்பளம் பெட்ரோலுக்குச் சரியாக இருக்கும். வெள்ளிக்கிழமை சுத்தமாகக் கைநஷ்டம்.

"வெள்ளிக்கிழமை நீ வேலைக்குப் போறதுன்னா ஹேமிஷுக்கு நாமதான் சம்பளம் குடுக்கணும் போல" என்றான் லைல்.

"அப்ப நீ ஒரு நாள் குறைச்சுக்கயேன்."

"என்னோட ஒரு நாள் போனா வீட்டுக் கடன் தவணை போயிடும். சும்மா வாயால சொல்றியா, இல்ல நிஜமாவே சொல்றியா?"

லாரி ஓட்டுகிறவனுக்குச் சம்பளம் ஜாஸ்தி, அதனால் வீட்டிலிருக்க வேண்டியவள் அவள். இதைக் கணக்கு என்று சொன்னால் கணக்கு. வேறு பெயர் வேண்டுமென்றால் அதுவும் சொல்லலாம், ஆனால் லைலிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

மூன்று நாள் என்று முடிவானது. மனசும் ஒத்துக்கொண்டது. வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளோடு. யாருக்கு அப்படி வாய்க்கும்? ஹேமிஷும் தலையாட்டினார், ஆனால் வியாழன் வெள்ளிக்கு ஆள் வேண்டுமே என்று தாடையைச் சொறிந்தார். இரண்டே நாள் வேலைக்கு இந்த ஊரில் யார் வருவார்கள்?

"பிப்பைக் கேட்டுப் பாருங்களேன்" என்றாள் கோரலி.

கேட்டீர்களா, சொன்னது அவளேதான். தன் வாயாலேயே.

பிப் என்கிற பிலிப்பா, கோரலியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். குள்ளம், வட்ட முகம், எப்போதும் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். பிள்ளைகுட்டி கிடையாது. குழந்தைகள் காப்பகத்தில் திங்கள் முதல் புதன் வரைதான் அவளுக்கு வேலை இருந்தது, மீதி இரண்டு நாளுக்கு எதையாவது தேடிக்கொண்டிருந்தாள். அந்தக் காப்பகத்தில்தான் ஆங்கஸும் இம்மியும் சேர்ந்திருந்தார்கள். இம்மி இருந்த அறையே பிப்பின் அறைதான்.

ஆக ஏற்பாடு இப்படி ஆனது: கோரலி மேசையில் இருக்கும் நாளில் அவள் பிள்ளைகள் பிப்பிடம். கோரலி பிள்ளைகளோடு இருக்கும் நாளில் அவள் மேசை பிப்பிடம். புதன்கிழமை சாயந்தரம் காப்பக வாசலில் இரண்டு பேரும் கைமாற்றிக்கொள்வார்கள். இம்மி என்ன சாப்பிட்டாள், எத்தனை நேரம் தூங்கினாள் என்று பிப் சொல்வாள். எந்தக் குதிரைக்கு வயிற்றுவலி, யார் வீட்டுப் பூனைக்குத் தையல் பிரிக்கவேண்டும் என்று கோரலி சொல்வாள்.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆளு" என்று பிப் சிரிப்பாள்.

கோரலியும் சிரித்தாள். ஆரம்பத்தில்.

அடுத்த வருடக் குளிர்காலம் வந்தபோது சிரிப்பு நின்றுபோயிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, கேவ் என்கிற ஆட்டுப்பண்ணைக்காரர் கூப்பிட்டார்.

"பிப் இருக்காளா?"

"இல்லையே. நான் கோரலி. சொல்லுங்க கேவ்."

"பரவால்ல கண்ணு. வியாழக்கிழமை கூப்பிட்டுக்கிறேன்."

"என்னன்னு சொல்லுங்க, நான் பாக்கிறேன்."

"ஆட்டுக்குக் குடல்புழு மருந்துதான். எவ்வளவு குடுக்கணும்னு கேக்கணும். அந்தப் பொண்ணு சொன்னா நிதானமா புரியுது."

கோரலி ரிசீவரை டொக்கென்று வைத்தாள். இந்தக் கேவுக்குப் பத்து வருடமாக மருந்தளவு சொன்னது யார்? அவர் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் மாட்டுக்கு டாக்டரை நேரம் கெட்ட நேரத்தில் அனுப்பியது யார்? அந்தப் பொண்ணு சொன்னால் புரிகிறதாம்! அவள் பாட்டிலின் மேல் எழுதியிருப்பதைத்தானே வாசிக்கிறாள்! வயிறு எரிந்தது அவளுக்கு. பொறாமை என்று சொல்ல அவளே கூச்சப்பட்டாள், ஆனால் வேறென்ன? அசல் பொறாமை, கலப்படமில்லாதது.

திங்கட்கிழமை காலையில் வந்தால் நாற்காலி தாழ்ந்திருக்கும், பிப்பின் குட்டைக் கால்களுக்கு. அதை மறுபடி உயர்த்துவதற்குள் கோரலிக்கு ரத்தம் கொதிக்கும். பேனாக்கள் இடம் மாறியிருக்கும். ஜன்னலோரத்தில் புதிதாக ஒரு பூத்தொட்டி. அலமாரிக்குமேல் படுத்துக்கிடக்கும் மருத்துவமனைப் பூனை ஸ்டேப்ளர், பத்து வருடத்தில் யார் மடியிலும் ஏறாத அந்தத் திமிர்பிடித்த ஜந்து, வியாழக்கிழமைகளில் பிப்பின் மடியில் தூங்குகிறது என்று நர்ஸ் சொன்னாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் அவள்.

சரி, வீட்டிலிருக்கும் இரண்டு நாளையாவது அனுபவித்தாளா? அதுவும் இல்லை. இம்மியைத் தள்ளுவண்டியில் வைத்து, ஆங்கஸைக் கையில் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினால், கால் தானாக மருத்துவமனைப் பக்கம் போகும். கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பாள். உள்ளே கூட்டமிருந்தால் எரிச்சல். கூட்டமில்லாவிட்டால், நான் இல்லாததால் யாரும் வரவில்லை பார் என்று ஒரு அற்ப சந்தோஷம். வெறுமனே எட்டிப் பார்த்தால் அசிங்கம் என்று உள்ளே போய்க் கோழித்தீவனம் வாங்கினாள். அடுத்த வாரமும் வாங்கினாள்.

"நம்மகிட்ட மூணு கோழிதான் இருக்கு. உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றான் லைல், கொட்டகையில் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்து.

"மலிவா குடுத்தாங்க."

"மலிவாமே! அதுங்க தின்னு தீர்க்கிறதுக்குள்ள ஆங்கஸுக்கு மீசை முளைச்சிடும்."

பேசாமல் ஐந்து நாளும் போய் மேசையைப் பிடுங்கிக்கொண்டால் என்ன என்று யோசித்தாள். காசு போனால் போகட்டும். ஆனால் அதையும் முழுசாக யோசித்துப் பார்த்தால் வேறொரு பக்கம் இடித்தது. மேசை போய்விட்டால் பிப் காப்பகத்தில் ஐந்து நாள் கேட்பாள். அப்போது பிள்ளைகள் ஐந்து நாளும் பிப்பிடம். மேசையை வைத்துக்கொண்டால் பிள்ளைகள் போகிறார்கள், பிள்ளைகளை வைத்துக்கொண்டால் மேசை போகிறது. எப்படிப் போட்டாலும் அந்தக் கணக்கில் பிப்புக்கு லாபம்தான்.

இந்த நிலைமையில்தான் அந்தப் புதன்கிழமை வந்தது.

காலையில் மெர்வ் லிண்ட்னர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊருக்கு வெளியே தனியாக இருக்கிற கிழவர். டிங்கர் அவருடைய கெல்பி நாய், ஆடு மேய்த்த நாய். வயிற்றில் கட்டி வெடித்துவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை. வலியில்லாமல் போய்ச்சேர ஊசி போட்டுவிடுவோம் என்றார் ஹேமிஷ். மெர்வுக்குக் கை நடுக்கம், நாயைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. கோரலி, முன்மேசைக்கென்றே கொடுக்கும் பச்சைச் சட்டையோடு, தரையில் உட்கார்ந்து டிங்கரின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். காதைத் தடவிக்கொடுத்தாள். "நல்ல பையன், நல்ல பையன்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். அது அடங்கும்வரை எழுந்திருக்கவில்லை. மெர்வ் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து அழுதார். கோரலியும் அழுதாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பார்த்தவள்தான், இருந்தும் அழுதாள். அவளிடம் ஆயிரம் குறை இருக்கலாம், மனசில்லாதவள் என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

செத்துப்போன பிராணியின் பெயரை உடனே கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். மருத்துவமனையில் அது முதல் பாடம். ஏனென்றால் வருடாந்திரத் தடுப்பூசி யாருக்கு வந்துவிட்டது என்று பார்த்து, வியாழக்கிழமை காலையில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு ஞாபகப்படுத்துவார்கள். டிங்கரின் முறை மறுநாள்தான். ஆனால் அதற்குள் ஒரு குதிரைக்குப் பிரசவச் சிக்கல், ஹேமிஷ் ஓடினார், தொலைபேசி விடாமல் அடித்தது, கோரலிக்கு அது நழுவிவிட்டது. காப்பகத்துக்கு வண்டியை ஓட்டும்போதுதான் ஞாபகம் வந்தது. சரி, வாசலில் பிப்பிடம் சொன்னால் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். அதுவரை அவள்மேல் ஒரு தப்பும் கிடையாது.

காப்பகக் கதவைத் திறந்தால் உள்ளே கைதட்டல். இம்மியின் தலையில் மஞ்சள் காகிதக் கிரீடம். பிப் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

"கோரலி! உன் பொண்ணு இன்னிக்கு ராணி ஆயிட்டா! தானாவே வந்து சொல்லிட்டு, டாய்லெட்ல உக்காந்து போனா. ரெண்டு தடவை! இன்னிக்கு முழுக்க டயப்பர் காய்ஞ்சே இருந்துச்சு."

கோரலி இரண்டு மாதமாக அதற்காகத்தான் மன்றாடிக்கொண்டிருந்தாள். வியாழனும் வெள்ளியும் குளியலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாட்டுப் பாடி, சாக்லேட் காட்டி, கெஞ்சி, மிரட்டி, கடைசியில் தரையைத் துடைத்ததுதான் மிச்சம். அந்தக் கழுதை அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கம்பளத்தில் போவாள். இங்கே என்னடாவென்றால் கிரீடம்!

"வாடி தங்கம், வீட்டுக்குப் போகலாம்" என்று கையை நீட்டினாள்.

இம்மி பிப்பின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரித்து எடுத்தபோது அந்த அறையே அதிரக் கத்தினாள். மற்ற அம்மாக்கள் பார்த்தார்கள். ஒருத்தி, அனுதாபப்படுகிறாளாம், உதட்டைப் பிதுக்கினாள்.

"தூக்கம் வருது அவளுக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றாள் பிப். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிந்தது. என் பிள்ளைக்கு ஏன் அழுகை வருகிறது என்று எனக்கு விளக்கம் சொல்கிறாள்!

"அங்க இன்னிக்கு ஏதாவது விசேஷம் உண்டா? நாளைக்கு நான் பாக்க வேண்டியது?" என்று பிப் கேட்டாள்.

டிங்கரின் பெயர் கோரலியின் நுனி நாக்கில் நின்றது. இம்மி அவள் தோளில் எட்டி உதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள் கோரலி.

மறுநாள் காலையில் ரொட்டியில் வெஜிமைட் தடவிக்கொண்டிருந்தபோது கடிகாரத்தைப் பார்த்தாள். மருத்துவமனை திறக்க இன்னும் நேரமிருந்தது. ஒரு போன். "பிப், சொல்ல மறந்துட்டேன்" என்று ஒரு வரி. போன் மேசைமேல்தான் கிடந்தது. ஆங்கஸுக்குப் பால் ஊற்றினாள். இம்மியின் சட்டையை மாற்றினாள். ஒருமுறை, ஒரே ஒருமுறை அவளும் தப்புப் பண்ணட்டுமே என்று நினைத்தாள். யாரையும் கொல்லவா போகிறோம்? மறுபடி பார்த்தபோது திறக்கும் நேரம் தாண்டியிருந்தது. இனிமேல் சொன்னாலும் பிரயோஜனமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்வது எவ்வளவு சௌகரியம்!

நடந்தது என்னவென்று வெள்ளிக்கிழமை சூப்பர்மார்க்கெட் வரிசையில் தெரிந்தது. கேவின் பெண்டாட்டி முன்னால் நின்றிருந்தாள்.

"கேட்டியா கோரலி? பாவம் அந்தப் பிப். மெர்வுக்கு போன் போட்டு, 'டிங்கர் செல்லத்துக்கு ஊசி போடுற நாள் வந்தாச்சு, எப்ப கூட்டிட்டு வர்றீங்க'ன்னு கேட்டிருக்கா. அவரு, 'அவன் நேத்து அங்கதானேம்மா போனான்'னு சொன்னாராம்."

"ஐயோ" என்றாள் கோரலி. முகத்தில் சூடு ஏறியது.

"அழுதே தீர்த்துட்டா பிப். மத்தியானம் கடையில இறைச்சி அடைச்ச பேஸ்ட்ரி வாங்கிக்கிட்டு நேரா அவரு வீட்டுக்கே போயிட்டா. உக்காந்து சாப்பிட வச்சு, நாயைப் புதைச்ச இடத்துல கல்லெல்லாம் அடுக்கிக் குடுத்து, பொழுது சாயத்தான் திரும்பினாளாம். அவரு பொண்டாட்டி போனதுக்கப்புறம் யாரும் அந்த வீட்டுப் பக்கம் போனதில்லையாம். தப்பு பண்ணினா பண்ணினா, எத்தனை பேருக்கு அந்த மனசு வரும், சொல்லு?"

பார்த்தீர்களா அநியாயத்தை! தப்புப் பண்ண வைத்தாலும் அவளுக்குத்தான் நல்ல பெயர். கோரலி பால் பாட்டிலைக் கூடையில் வைத்த வேகத்தில் முட்டை உடைந்தது. வெட்கமும் எரிச்சலும் சேர்ந்து அவளைப் பிடுங்கித் தின்றன. எது ஜாஸ்தி என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எரிச்சல்தான்.

திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளை விடப் போனாள். பிப் இம்மியைத் தூக்கிக்கொண்டாள். மூக்கைத் துடைத்துவிட்டாள். வழக்கமான சிரிப்பு இல்லை.

"டிங்கர் செத்தப்ப நீ அங்க இருந்தேன்னு நர்ஸ் சொன்னா" என்றாள்.

"ஆமா."

"சொல்ல மறந்துட்டியா, இல்ல சொல்லலையா?"

அவள் அப்படி நேராகக் கேட்பாள் என்று கோரலி எதிர்பார்க்கவில்லை. இம்மி பிப்பின் காதணியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"மறந்துட்டேன்."

"நீ மறக்கிற ஆளே இல்லையே கோரலி. யாரு வீட்டு நாய் எந்த வருஷம் குட்டி போட்டுச்சுன்னு இன்னிக்கும் சொல்லுவியே."

பிப் குரலை உயர்த்தவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

"ஹேமிஷ்கிட்ட நான்தான் சரியா பாக்கலைன்னு சொல்லிட்டேன். மெர்வ்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். கவலைப்படாதே. ஆனா அந்த மேசையில என்னால இனிமே உக்கார முடியாது. ஒவ்வொரு தடவை போன் எடுக்கும்போதும், இதுல என்ன சொல்லாம விட்டிருக்காளோன்னு யோசிக்கணும். எனக்கு அது வேண்டாம்பா. இங்க அஞ்சு நாளும் ஆள் வேணும்னாங்க, சரின்னுட்டேன்."

"பிப்…"

"இம்மிக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கு. ஸ்வெட்டர் கொண்டு வந்திருக்கியா?"

ஸ்வெட்டர் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தாள்.

வெட்கம் ஒரு மணி நேரம் இருந்திருக்குமா? மருத்துவமனைக்குப் போய், நாற்காலியை உயர்த்தி, பேனாக்களைப் பழைய இடத்தில் அடுக்கி, பூத்தொட்டியை நர்ஸிடம் தூக்கிக் கொடுத்தபோது கோரலிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. போய்விட்டாள். தொலைந்தாள். இனி யாரும் வியாழக்கிழமை கூப்பிடுகிறேன் என்று சொல்லமுடியாது.

மத்தியானம் ஹேமிஷ் வந்து மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டார்.

"கோரலி, நான் ஒளிவுமறைவில்லாம சொல்றேன். ரெண்டு நாளுக்கு ஆள் தேடி எனக்குக் கட்டுப்படியாகாது. பிப் மாதிரி இன்னொருத்தி கிடைக்கமாட்டா. ஒண்ணு நீ அஞ்சு நாளும் வா. இல்லன்னா அஞ்சு நாளுக்கு வேற ஆள் போடுறேன். உன்னை அனுப்ப எனக்கு இஷ்டமில்ல, ஆனா மேசையைக் காலியாவும் விடமுடியாது. இந்த வாரத்துக்குள்ள சொல்லு."

"வேற ஆளா? இந்த மேசைக்கா?"

"மேசை யாருக்கும் எழுதி வச்சதில்லையே" என்றார் அவர், வருத்தத்தோடுதான்.

சாயந்தரம் லைல் மறுபடி கணக்குப் போட்டான். இரண்டு தரம் போட்டான். தலையில் கைவைத்துக்கொண்டான்.

"பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் அஞ்சு நாள் கட்டணம் கட்டி, உதவித்தொகை குறைஞ்சு, வரி போனா, இப்ப வர்றதைவிடக் கம்மியாத்தான் கைக்கு வரும். கூட ரெண்டு நாள் உழைச்சு, குறைச்சு வாங்கிட்டு வரப்போறே. கைக்காசு போட்டு வேலைக்குப் போற முதல் ஆளு நீதான்."

"அந்த நாற்காலியில வேற ஒருத்தி உக்காந்தா என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"ஏன் முடியாது? நாற்காலிதானே அது?"

"உனக்குப் புரியாது."

"அப்ப பிள்ளைங்களை அஞ்சு நாளும் யாரு பாக்கிறது? பிப்தானே? அது மட்டும் உன்னால பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

லாரி ஓட்டுகிறவன் என்று அவனைக் குறைவாக நினைக்கவேண்டாம், சில நேரம் சரியான இடத்தில் குத்துவான். கோரலி எழுந்துபோய்த் தட்டுகளைக் கழுவினாள். ஏற்கனவே கழுவின தட்டுகள். மூன்று நாள் வேலை, இரண்டு நாள் வீடு, கையில் நாலு காசு என்று ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. அதை ஒரே ஒரு சொல்லை விழுங்கித் தானே உடைத்தாகிவிட்டது. இது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மேசையை விட்டுவிட்டால் தன்னிடம் தன்னுடையது என்று என்ன இருக்கும் என்று பயமாக இருந்தது. புதன்கிழமை ஹேமிஷிடம் ஐந்து நாள் வருகிறேன் என்று சொன்னாள்.

முதல் வியாழக்கிழமை. காப்பக வாசலில் ஆங்கஸ் உள்ளே ஓடிவிட்டான். இம்மி தன் குட்டிப் பையைத் தானே மாட்டிக்கொண்டு பிப்பின் கையைப் பிடித்தாள். அழவில்லை. "அம்மா, இன்னிக்கு நாம வீட்ல இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லடா கண்ணு. இனிமே தினமும் இங்கதான்."

"சரி" என்றாள் இம்மி. அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிப் கதவருகில் நின்று, "ஏதாவதுன்னா போன் பண்றேன்" என்றாள். குரலில் கோபமும் இல்லை, பழைய சிரிப்பும் இல்லை. எல்லா அம்மாக்களிடமும் பேசுகிற குரல் அது.

மருத்துவமனையில் தொலைபேசி அடித்தது. கோரலி எடுத்தாள். மறுமுனையில் இருமல். மெர்வ் லிண்ட்னர்.

"பிப் இருக்காளாம்மா?"

"இல்ல மெர்வ். நான் கோரலி."

"ஓ. வியாழக்கிழமை இருப்பாளேன்னு கூப்பிட்டேன். ஒண்ணுமில்ல, கேவ் ஒரு நாய்க்குட்டி தர்றேன்னு சொல்றான். வாங்கலாமா வேண்டாமான்னு அவகிட்ட கேக்கலாம்னு."

"அவ இப்ப இங்க வேலை பாக்கலை."

"அடடா. என்னாலயா? அந்த போன்காலாலயா? அவமேல எனக்குக் கோபமே இல்லைன்னு டாக்டர்கிட்ட சொல்லும்மா. அத்தனை பேருக்கு வரிசையா போன் போடும்போது ஒரு பேரு தவறிப்போறது யாருக்கும் நடக்கிறதுதானே." கிழவரின் குரல் தழுதழுத்தது. "அந்த மாதிரி பொண்ணை நான் பாத்ததில்ல. டிங்கர் போன அன்னிக்கு, தரையில உக்காந்து அவன் தலையை மடியில வச்சுக்கிட்டு, நல்ல பையன் நல்ல பையன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. கடைசிவரைக்கும் எந்திரிக்கலை. கண்ணாடி இல்லாம முகம் சரியா தெரியலை, ஆனா அந்தப் பச்சைச் சட்டை இன்னும் கண்ணுலயே இருக்கு. மறுநாள் அவ வீட்டுக்கு வந்துட்டுப் போனப்புறம்தான், அதுவும் பிப்தான்னு எனக்கு உறைச்சுது. வேற யாருக்கு அந்த மனசு வரும்?"

கோரலியின் வாய் திறந்தது. அது நான். நான்தான் மெர்வ். என் மடி அது.

சொன்னால் அவர் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். நீயா? அப்படியானால் அவன் செத்தது உனக்குத் தெரியுமே? தெரிந்துமா மறுநாள் எனக்கு அந்த போன் வந்தது?

"கோரலி? இருக்கியாம்மா?"

"இருக்கேன்."

"இப்ப எங்கதான் வேலை பாக்கிறா அவ?"

"குழந்தைங்க காப்பகத்துல. அஞ்சு நாளும்."

"உன் பிள்ளைங்களும் அங்கதானே?"

"ஆமா மெர்வ்."

"அப்படியா!" என்றார் அவர். குரலில் நிஜமான சந்தோஷம் தெரிந்தது. "குடுத்து வச்ச பிள்ளைங்க."